உடம்பில் புகுந்த காற்று

ஜாவாத் தீவின் கிளாட்டன் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா கேட்ட கேள்வியை வினார்த்தியிடம் அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ஒற்றைத் தலைவலி எப்போதிருந்து, வாந்தி உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, "தூக்கம் வருதா? காரணமே இல்லாம அழுகை வருமா?" என்றாள். இந்தத் தலைவலியோடு மனச்சோர்வும் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது சகஜம்தான், மறைக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

வினார்த்தி சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்த ஊரில் எவள் டாக்டரிடம் தனியாகப் போகிறாள்? மருமகளின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே மாமியார் கஸியெம்.

"எங்க புள்ளைக்கு அழுகையா? சிரிச்ச முகம் டாக்டர் இவளுக்கு. ஈரத்தலையோட பைக்ல போறா, உடம்புல காத்து புகுந்துடுது. அவ்வளவுதான்."

மூன்றாம் மனுஷி முன்னால் பெரியவளை மறுத்துப் பேசுவதாவது! வினார்த்தி சிரித்து வைத்தாள். பாழாய்ப்போன சிரிப்பு. தலைவலி மாத்திரை மட்டும் கிடைத்தது.

கஸியெம் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது பிழைத்திருக்கலாம். வீடு வந்ததும் மருமகளைப் பாயில் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் எண்ணெய் தடவி, பழைய காசின் விளிம்பால் சுரண்ட ஆரம்பித்தாள். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று வெளியே போகிறது என்பது அங்கே எல்லார் வீட்டிலும் கணக்கு.

முகம் தலையணையில் புதைந்திருந்ததால் வினார்த்திக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது.

"அம்மா, டாக்டர் கேட்டது நெசம். தெனமும் அழறேன். காலைல ஏன்டா கண்ணு முழிச்சோம்னு இருக்கு. உயிரோட இருக்கவே பிடிக்கலம்மா."

காசு நின்றது. வினார்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஐயோ கண்ணு," என்றாள் கஸியெம், குரல் உடைந்துபோய். "காத்து தலை வரைக்கும் ஏறிடுச்சே. அதுதான் இப்படிப் பேச வைக்குது. நீ பேசாம படு, அம்மா எடுத்துடறேன்."

முன்னைவிட அழுத்திச் சுரண்டினாள். பாவம், அவள் கண்ணிலும் தண்ணீர்.

முடித்தபோது முதுகு முழுக்கச் சிவப்புக் கோடுகள். கஸியெமுக்கு மனசு நிறைந்துபோயிற்று. இப்போது எப்படி இருக்கிறது என்று ஆவலாகக் கேட்டாள்.

வினார்த்தி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இருந்த ஒரே ஆளிடமும் சொல்லியாகிவிட்டது. இனிச் சொல்ல யாரும் இல்லை.

"தேவலைம்மா," என்றாள்.