ஷைனி கம்பெனிப் பங்கு

ஷைனியின் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலான அன்று, அம்மா இஞ்ஞாசியம்மாள் ஒரு கிலோ லட்டோடு ஐரினின் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. உட்காரக்கூட இல்லை.

"ஏண்டி ஐரினு, டிவில பாத்தியா? மணியடிக்கிற எடத்துல நம்ம ஷைனி ரெண்டாவது வரிசையில நிக்கிறா. நீலச் சேல. முப்பதாயிரம் பங்கு வச்சிருக்காளாம். ஒண்ணு நூத்தி இருவது ரூவாயாம்."

ஐரினுக்கு எதிரே அவளுடைய பழைய வாடிக்கையாளர் ராயப்பராஜ் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். காகிதம் இல்லாமலே பெருக்கிச் சொன்னார்: "முப்பத்தாறு லட்சம்!"

ஐரின் ஒரு லட்டை எடுத்துப் பாதி கடித்தாள். "சந்தோசம்மா" என்றாள். மீதிப் பாதியை, அம்மா போனதும் குப்பைக்கூடையில் போட்டாள்.

திண்டுக்கல்லில் சாலை ரோடு என்கிற கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மியூச்சுவல் ஃபண்டில் ஆட்களைச் சேர்த்துவிடுவது ஐரினின் தொழில், அதில் வரும் கமிஷன்தான் வருமானம். பதினாறு வருடமாக ஆசிரியர்கள், நர்சுகள், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர்கள் என்று முந்நூறு குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தாள். ஆயிரம் ரூபாய் போடவே பயந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

தங்கை ஷைனி எட்டு வயது இளையவள். அப்பா இறந்தபோது ஐரின் பி.காம் இரண்டாம் வருடம். படிப்பை அஞ்சல் வழிக்கு மாற்றிக்கொண்டு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் ஷைனி கோயம்புத்தூருக்குப் போய் இன்ஜினியரிங் படித்தாள். பிறகு பெங்களூரில், நாற்பதே பேர் இருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஃபோனிலேயே பங்கும் ஃபண்டும் வாங்குவதற்கு ஒரு ஆப் செய்கிற கம்பெனி. சம்பளம் குறைவு, மிச்சத்துக்குக் கம்பெனிப் பங்கு தருவதாகச் சொன்னார்கள். "காயிதத்தக் குடுத்து வேல வாங்குறான், ஏமாந்துராத" என்று ஐரின் அன்று சொன்னாள். ஷைனி கேட்கவில்லை.

இப்போது அந்தக் காகிதம் நூற்றிருபதில் தொடங்கி, ஆவணியில் நூற்றெண்பதாகி, தீபாவளிக்கு முன் இருநூற்று அறுபதைத் தொட்டது. சந்தையே ஏறிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நிற்பவன்கூட ஃபோனைத் தேய்த்துப் பங்கு வாங்கினான். வாங்கியவர்களில் பாதிப் பேர் ஷைனியின் ஆப்பில்தான் வாங்கினார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் ராயப்பராஜ் தயங்கித் தயங்கி வந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. எம் மருமகன் சொல்றாப்புல, ஆப்புல போட்டா கமிஷனே கெடையாதாம். எல்லாத்தையும் அதுக்கு மாத்திறலாம்னு இருக்கேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "உன் தங்கச்சி கம்பெனிதான? வீட்டுக்குள்ளயேதான இருக்கப் போகுது."

அந்த மூன்று மாதத்தில் நாற்பது குடும்பங்கள் போயின. கையெழுத்துப் போடக்கூட யாரும் மாடியேறவில்லை. ஃபோனிலேயே போய்விட்டார்கள்.

ஐரினின் கணவன் கிறிஸ்துராஜ் பள்ளி ஆசிரியர், சூது தெரியாத மனிதர். காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு, "இன்னைக்கு முந்நூத்தி ரெண்டு. ஷைனி கெட்டிக்காரிதான்" என்பார். ஐரின் இட்லிச் சட்டியின் மூடியைத் தேவைக்கு மேல் சத்தமாக வைப்பாள். தங்கையை வெறுக்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. தனக்கு வரவேண்டியது எங்கோ முகவரி மாறிப் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். ஆனால் ஷைனி வாட்ஸப்பில் ஒரு புதிய சுடிதார் போட்டுப் படம் அனுப்பினால்கூட அதன் விலை என்ன இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. பங்கு இரண்டு ரூபாய் இறங்கிய நாட்களில் சாப்பாடு ருசித்தது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷைனி அழைத்தாள். அவளும் கணவன் ஆல்வினும் பெங்களூரில் ஒரு பிளாட் பார்த்திருந்தார்கள்.

"அக்கா, ஒரு யோசன கேக்கணும். நாங்க பிளாட்டுக்கு பன்னெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டோம். மீதி மார்ச்சுல கட்டணும். இப்ப எங்க பங்கு முந்நூத்திப் பதினெட்டு. எம்ப்ளாயிங்க நெனச்ச நேரத்துல விக்க முடியாதுக்கா. டிசம்பர் கடைசி வரைக்கும்தான் விடுவாங்க. அப்பறம் மூணு மாசக் கணக்கு வெளிய வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. பாதிய இப்பவே வித்துறவா? ஆல்வின் உங்கிட்ட கேட்டு முடிவு பண்ணச் சொன்னாரு."

பதில் ஐரினுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதத்துக்குள் வேண்டிய பணத்தைப் பங்கில் வைக்கக் கூடாது என்பது அவள் பதினாறு வருடமாக எல்லோருக்கும் சொல்லிவந்த பாடம். அதிலும் ஷைனி கம்பெனி போன்ற கம்பெனிக்கு ஆபத்து இரட்டிப்பு. ஜனங்கள் வாங்கி விற்கும் ஒவ்வொரு முறையும்தான் அதற்குக் காசு. சந்தை இறங்கினால் வாங்குகிறவனும் விற்கிறவனும் ஆப்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான். மற்ற பங்கு பத்து சதவீதம் விழுந்தால் இது இருபத்தைந்து விழும். இதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

ஆனால் அன்று காலையில்தான் அம்மா வந்து, ஷைனி வாங்கப்போகும் பிளாட்டின் படத்தை ஃபோனில் காட்டியிருந்தாள். பன்னிரண்டாவது மாடி. கீழே நீச்சல் குளம். "உனக்கும் ஆண்டவர் ஒரு வழி காட்டுவாருடி" என்று அம்மா ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இப்பப் போயி யாராச்சும் விப்பாங்களா?" என்றாள் ஐரின். தன் குரல் அவ்வளவு இயல்பாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஐநூறு போகும் ஷைனி. மார்ச்சுக்கு வித்தா பாதிகூட விக்க வேணாம், மூணுல ஒண்ணுலயே வேல முடிஞ்சிரும். வச்சிரு."

"சரிக்கா. நீ சொன்னாச் சரிதான்."

பேசி முடித்த பிறகும் ஐரின் ஃபோனைக் கையிலிருந்து இறக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு, 'யோசிச்சுப் பாத்தேன், வித்துரு' என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்று கூப்பிடவில்லை. டிசம்பர் முப்பத்தொன்று வரை ஒவ்வொரு நாளும் கூப்பிடலாம் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும், ஏறினாலும் ஏறும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஜனவரி பிறந்து ஷைனிக்கு விற்கும் வழி அடைபட்டது. இரண்டாவது வாரத்தில் சந்தை இறங்கத் தொடங்கியது. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு தினம் இறங்கியது. மொத்தச் சந்தையும் நூற்றுக்குப் பன்னிரண்டு இறங்கியபோது ஷைனி கம்பெனிப் பங்கு பாதியாகியிருந்தது. மாதக் கடைசியில் கணக்கு வெளிவந்தது. ஆப்பில் வாங்கி விற்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார்கள், லாபம் சுருங்கிவிட்டது. விற்கலாம் என்று கம்பெனி மறுபடி திறந்துவிட்ட நாளில் விலை நூற்று நாற்பத்தைந்து. பிப்ரவரி முடிவில் நூற்றுப் பதினெட்டு.

ஐரின் காலையில் கண் விழித்ததும் ஃபோனில் அந்த எண்ணைத்தான் பார்த்தாள். விரத நாளில் ஒளிந்து தின்கிற பிள்ளையைப் போல, கிறிஸ்துராஜ் குளிக்கப் போன பிறகு பார்த்தாள். ஒவ்வொரு சிவப்பு எண்ணும் நெஞ்சில் இதமாக இறங்கியது. அலுவலகத்திலும் கூட்டம் திரும்பியது. பயந்தவர்களுக்குப் பேச ஒரு முகம் தேவைப்பட்டது. ராயப்பராஜே வந்தார்.

"ஆப்புல யாருகிட்டம்மா பேசுறது? கேள்வி கேட்டா ஒரு பொம்ம வந்து கையாட்டுது."

ஐரின் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். இவ்வளவு மகிழ்ச்சியான வாரம் அவளுக்குச் சமீபத்தில் வாய்க்கவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் ஒட்டன்சத்திரத்திலிருந்து சோலைமலை வந்தார். அங்கே தக்காளி மண்டி வைத்திருப்பவர். அவள் சேர்த்த முதல் பத்துப் பேரில் ஒருவர். கையில் ஒரு கட்டு முருங்கைக்காயும் கல்யாணப் பத்திரிகையும்.

"பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணமுங்க. நீங்க குடும்பத்தோட வந்துரோணும்."

"பணத்துக்கு என்னண்ணே பண்றீங்க? சந்தை இப்பிடிக் கெடக்கே" என்றாள் ஐரின் பதறி.

சோலைமலை சிரித்தார். "ஏனுங்க, மறந்துட்டீங்களா? போன வருசம் நீங்கதான சத்தம் போட்டு எடுக்க வச்சீங்க. இன்னும் ஏறும், விடுங்கன்னு நான் அடம் புடிச்சேன். கல்யாணக் காசை வெச்சு வெளையாடாதீங்கன்னு பேங்க்ல போடச் சொன்னீங்க. இல்லாட்டி இன்னைக்கு நான் தெருவுல நின்னிருப்பேனுங்க. கூடப் பொறந்தவகூட இம்புட்டு அக்கறையாச் சொல்லமாட்டா."

அவர் போன பிறகு ஐரின் அடுத்து வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. கல்யாணப் பத்திரிகையை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை செபம் முடிந்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றாள். கோபம், பொய், மாமியாரைப் பழித்தது எல்லாம் சொன்னாள். இதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுவாரம் ஷைனி தனியாக ஊருக்கு வந்தாள். இளைத்திருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தபோது, அம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஐரினுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி சொன்னாள்: "பிளாட்ட விட்டுட்டோம்க்கா. எல்லாப் பங்கையும் வித்தாலும் பத்தாது. எங்க ஆபீஸ்ல நூறு பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இந்த நேரத்துல பெரிய லோன் வாங்க ஆல்வினுக்குப் பயம். அட்வான்ஸ்ல நாலு லட்சத்த பில்டர் புடிச்சிக்கிட்டான்."

ஐரின் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத" என்றாள் ஷைனி. "ஆல்வின் உன்னயத்தான் கொற சொன்னாரு. அவருகூடச் சண்ட போட்டேன். எங்க அக்காவும் மனுசிதான, சந்தைய யாரு கண்டான்னு."

ஐரின் அடுப்பை அணைத்தாள்.

"நான் கண்டேன்" என்றாள்.

"என்னக்கா?"

"வித்துருன்னுதான் சொல்லணும்னு எனக்குத் தெரியும். வேத்தாளு கேட்டிருந்தா அப்பிடித்தான் சொல்லிருப்பேன். நீ கேட்டதால சொல்லல. எனக்கு வயித்தெரிச்சல் ஷைனி. விலை எறங்குனப்ப சந்தோசப்பட்டேன். தெனமும் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டேன்."

ஷைனியின் கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. அதைத் தட்டில் வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "எப்ப இருந்து?"

"நீ கோயம்புத்தூருக்குப் பொட்டியத் தூக்கிட்டுப் போன அன்னைல இருந்து."

"அந்தப் பொட்டிய நீதானக்கா வாங்கிக் குடுத்த."

"ஆமா."

ஷைனி எழுந்து கை கழுவினாள். சாப்பிடாமலே மத்தியான பஸ்ஸுக்குப் பையை அடுக்கினாள். அம்மா திரும்பி வந்து, என்ன நடந்தது என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டாள். ஷைனி பையோடு படியிறங்கினாள், ஐரின் அம்மாவின் கடைப் பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

ஈஸ்டருக்கு ஷைனி வரவில்லை. ஐரின் வாட்ஸப்பில் அனுப்பிய வாழ்த்துக்கு இரண்டு நீல டிக்குகள் மட்டும் விழுந்தன. கிறிஸ்துராஜிடம் ஐரின் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலையில் பேப்பரை அவளுக்குக் கேட்கும்படி படிப்பதை நிறுத்திவிட்டார்.

வைகாசியில் சந்தை மெல்ல எழுந்தது. ஜனங்கள் ஃபோனைத் தேய்க்கத் தொடங்கினார்கள். ஷைனி கம்பெனிப் பங்கு நூற்று நாற்பது, நூற்று எழுபது என்று ஏறியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஷைனியிடமிருந்து அழைப்பு வந்தது. மூன்று மாதம் கழித்து.

குசலம் எதுவும் விசாரிக்கவில்லை. "நூத்தித் தொண்ணூத்தாறு. இப்ப விக்கலாம், கம்பெனியில தடையில்ல. சின்னதா ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பாத்திருக்கோம், ஜூன் கடைசில பணம் வேணும். உங்கிட்ட வர்ற கஸ்டமர் ஒருத்தி கேட்டா என்ன சொல்லுவியோ, அதச் சொல்லு. தங்கச்சிக்குச் சொல்லாத."

நூற்றுத் தொண்ணூற்றாறு என்றதும் ஐரினின் அடிவயிற்றில் பழைய சூடு சுருக்கென்று எழுந்தது. போய்விட்டது என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை.

"வீட்டுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுக்கு இன்னைக்கே வித்துரு" என்றாள். "நாளைக்கு இருநூத்தம்பது போனாலும் திரும்பிப் பாக்காத. மிச்சத்தையும் ஒரே கம்பெனியில வைக்காத. சம்பளமும் அங்க, சேமிப்பும் அங்கன்னா, அது விழுந்தா ரெண்டும் சேந்து விழும். கொஞ்சங் கொஞ்சமா வேற எடத்துக்கு மாத்து. வேணும்னா எழுதி அனுப்புறேன்."

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"எழுதி அனுப்பு" என்றாள் ஷைனி. ஒரு நொடி நிறுத்தி, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றாள் ஐரின். "கொறஞ்சிருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன்."

ஷைனி சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. "சரி, வைக்கிறேன்" என்றாள்.

அன்று ஷைனி பதினைந்தாயிரம் பங்கை விற்றாள். அடுத்த மாதமே விலை இருநூற்று முப்பதுக்குப் போனது. அதற்காக அவள் ஐரினிடம் எதுவும் கேட்கவில்லை. புது வீட்டைச் சாமியார் மந்திரிக்கிற நாளுக்கு அம்மாவிடம்தான் சொல்லி அனுப்பினாள். ஐரினும் கிறிஸ்துராஜும் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். இரண்டாவது மாடியில் சின்ன வீடு. சமையலறை ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வந்தது. ஆல்வின் ஐரினிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் ஷைனி ஐரினின் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, "கூட்டு, பொரியல் வெஞ்சனத்த நீ பரிமாறுக்கா, எனக்குக் கை ஒழியல" என்றாள். ஐரின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்திக்குப் போனாள்.