திரைச்சீலைக் காசு

நாணயச் சங்கத்தில் தையல்காரரைச் சில்லறை என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைக்கும் வரை சேர்த்தும், யாரும் குனிந்து பார்க்கும்படி ஒரு காசு அவரிடம் கிடையாது. பெயர் வைத்தவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர், தையல்காரருக்குக் கூடப்பிறக்காத அண்ணன். அவர் வாயால் வந்த பெயர் என்பதால் அதைச் செல்லப் பெயராகவே எடுத்துக்கொண்டார் தையல்காரர். அவ்வளவு வெள்ளந்தி.

கடிகாரக்காரரிடம் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. அச்சடித்தபோது வருஷத்தின் கடைசி எண் தலைகீழாக விழுந்துவிட்ட காசு. அப்படி இன்னொன்று யாரிடமும் இல்லை. கண்காட்சி என்றால் வாசலுக்கு நேரான கண்ணாடிப் பெட்டி அதற்குத்தான். பக்கத்தில் நின்று அவர் செய்யும் அலட்டல் இருக்கிறதே, அதற்குத் தனியாக டிக்கெட் போடலாம்.

இப்படியிருக்க, ஒரு வீட்டுக்காரம்மா தையல்காரரிடம் பழைய திரைச்சீலைகளைக் குட்டையாக்கக் கொடுத்தார். காற்றில் பறக்காமலிருக்க யாரோ அந்தக் காலத்தில் ஓரமடிப்புக்குள் காசுகளை வைத்துத் தைத்திருந்தார்கள். தையலைப் பிரித்ததும் மடியில் உதிர்ந்தவற்றில் ஒன்று கன்னங்கரேலென்று இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார். கடைசி எண் தலைகீழ்! ஓட்டமாக ஓடி வீட்டுக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"துணி எப்ப கிடைக்கும், அதைச் சொல்லுங்க. காசை நீங்களே வச்சுக்குங்க" என்றுவிட்டார் அந்த அம்மா.

அண்ணனிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது? கடிகாரக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அசல் மாதிரிதான் தெரியுது. வச்சுட்டுப் போ, எடை போட்டுச் சொல்றேன். கண்காட்சியில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிடலாம்" என்றார்.

தையல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி எவன் சில்லறை என்று கூப்பிடுவான்?

மறுநாள் போனால், காசு பளபளவென்று மின்னியது.

பழங்காசுக்கு உயிரே அந்தக் கறுப்புதான். தேய்த்தால் மேல்தோலோடு மதிப்பும் போய்விடும். கண்காட்சியில் சேர்க்கவும் மாட்டார்கள். காசைக் கழுவிக்கொண்டு சங்கத்துக்கு வருகிறவனைக் கழுவிக் கழுவி ஊற்றுகிறவரே கடிகாரக்காரர்தான்.

"உங்க அண்ணி பண்ண வேலைப்பா. அழுக்குன்னு நெனச்சு பல்பொடி போட்டுத் தேச்சுட்டா" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

தையல்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும், "பரவாயில்லண்ணே, அண்ணியைத் திட்டாதீங்க. தெரியாமத்தானே செஞ்சாங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து அண்ணி டீ கொண்டுவந்து, அறை வாசலிலேயே நின்று நீட்டினார்.

"உள்ள வாங்கண்ணி."

"நானா? நல்லா சொன்னீங்க தம்பி! இந்த ரூமைக் கூட்டறதுக்குக்கூட உங்க அண்ணன் விடமாட்டாரு. நேத்து பல்பொடி டப்பாவைத் தூக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. என்ன, கடிகாரத்துக்குப் பல்லு விளக்குறீங்களான்னு கேட்டேன், எரிஞ்சு விழறாரு." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தேய்த்தது யார் என்று தையல்காரருக்குப் புரிந்துவிட்டது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாரே! வாய்விட்டுக் கேட்டிருந்தால் தையல்காரர் காசையே கொடுத்திருப்பாரே. கண்காட்சியில் ஒரே ஒரு நாள் அண்ணன் பக்கத்தில் நிற்பதைத் தவிர அவருக்கு வேறென்ன ஆசை?

கடிகாரக்காரர் மேஜை மேல் ஒரு வெள்ளை அட்டையை நகர்த்தினார். தையல்காரருக்கு முத்து முத்தான கையெழுத்து. கண்ணாடிப் பெட்டிக்கான அட்டையை எப்போதும் அவர்தான் எழுதித் தருவார்.

"வழக்கம்போல எழுதிடு. 'கிடைத்த ஒரே காசு'. கழுவினதைத்தான் யாரும் கணக்குல சேக்க மாட்டாங்களே."

தையல்காரர் பேனாவை வாங்கினார். பொறுமையாக, அழகாக எழுதினார்: 'கிடைத்த இரண்டில் ஒன்று.'

"என்னடா சில்லறை இது?"

தையல்காரர் பளபளக்கும் காசை எடுத்து அட்டையின் மேல் வைத்தார்.

"நம்ம பழக்கத்துக் கணக்கு தீந்துது, இது மீதிண்ணே. சில்லறை சரியா இருக்கான்னு பாத்துக்குங்க."