மூன்று சிவப்புச் சீட்டுகள்

பெர்சிஸ் பாளையங்கோட்டையில் கணிதப் பேராசிரியை. இரண்டு பேர் தங்கள் ரகசியத்தைச் சொல்லாமலே சேர்ந்து ஒரு விடை காண்பது எப்படி என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அது தன் வீட்டுக்குள்ளேயே வரும் என்று அவள் நினைத்ததில்லை.

தங்கை ஸ்வீட்லினுக்கும் அத்தை மகன் எபிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எபியின் அக்கா தலசீமியா என்ற ரத்த நோயில் சிறுவயதிலேயே போனவள். தாய், தகப்பன் இருவரிடமும் அதற்கான மரபணுக் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். இருவரும் தனித்தனியே ரத்தம் சோதித்திருந்தார்கள். முடிவை வெளியே சொல்லத்தான் பயம்.

“ரெண்டு பேருக்கும் இருந்தா கல்யாணம் வேண்டாம் மதினி. மத்தபடி யாருக்கு இருக்குன்னு தெரியவே கூடாது,” என்றான் எபி.

பெர்சிஸ் ஐந்து சீட்டுகளை எடுத்தாள். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. நடுவில் ஒரு சிவப்பு. குறை இருந்தால் நடுச்சீட்டை ஒட்டிச் சிவப்பை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பை. எல்லாம் கவிழ்த்தபடி. பிறகு ஐந்தையும் வரிசை மாறாமல் அடுக்கி, இருவரும் மாறி மாறிச் சீட்டுக்கட்டை வெட்டி வைத்தார்கள். இருவருக்கும் குறை இருந்தால் மட்டுமே மூன்று சிவப்பும் அடுத்தடுத்து வரும்.

வட்டமாகத் திருப்பி வைத்தபோது மூன்று சிவப்பும் சேர்ந்து வரவில்லை.

“ரெண்டு பேருக்கும் சேர்ந்து இல்ல. எவ்வளவு பெரிய கம்ப்யூட்டராலயும் இதுக்கு மேல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது,” என்றாள் பெருமையாக.

கல்யாணம் நடந்தது. அவர்களுக்குப் பிறந்த சுபின் தவழும் முன்பே வெளிறிப்போனான். தலசீமியாதான் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்வீட்லின் பெர்சிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இருந்துச்சுக்கா. கறுப்பத்தான் ஒட்டி வச்சேன். அத்தானுக்கு இருக்காதுன்னு நம்பிட்டேன். அவர்ட்ட சொல்லிராத.”

மறுநாள் எபி வீட்டுக்கு வந்து அழுதான். “நான் பொய்யா வச்சுட்டேன் மதினி. எம்பிள்ளைய நானே கெடுத்துட்டேன்.”

பொய்யை வைத்தாலும் சீட்டு அதையும் பத்திரமாகத்தான் மறைக்கும். இது பெர்சிஸுக்குத் தெரியாததல்ல. தன் வீட்டு ஆட்கள் என்று அதை யோசிக்காமல் விட்டுவிட்டாள். அவன் அழுகையைத் தாங்க முடியவில்லை.

“அழாத எபி. அவளும் அப்படித்தான் வச்சிருக்கா.”

அவன் அழுகை நின்றது. “தெரிஞ்சேவா பெத்தா?”

“உனக்கும் தெரியும்லா?”

“நான் சுமக்கலியே!” என்று எழுந்து போனான்.

அவன் இப்போது திசையன்விளையில் தன் அம்மாவோடு இருக்கிறான். சுபினுக்கு ரத்தம் ஏற்றும் நாளில் பெர்சிஸ்தான் லீவு போட்டுக் கூட்டிப்போகிறாள். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஸ்வீட்லின் ஒருமுறைதான் வாய் திறந்தாள்.

“உன்ட்ட மட்டுந்தானக்கா சொன்னேன்.”

பெர்சிஸ் பிள்ளையின் கை அசையாமல் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஊசியோடு குனிந்தாள்.