எட்டாவது லயத்து பல்பு

14 நவம்பர் 2001, புதன். ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். மனுவுக்கான பெயர்களை எஸ்டேட் செக்ரோலைப் பார்த்து எழுதினேன். வீடு வீடாகப் போயிருக்க வேண்டும்.

டைரியில் எழுதியதைப் படித்துப் பார்த்த தினகரன் ‘சிறிய’ என்பதை அடித்தான்.

கரண்ட் விநியோகத்தைத் தனியாரிடம் விடலாமா என்று கருத்துக் கேட்க வெள்ளிக்கிழமை ஊட்டியில் கூட்டம். கம்பெனி கைக்குப் போனால் ஏழைகளின் இலவச ஒற்றை பல்பு நிலைக்காது என்று எஸ்டேட் வரிசை வீடுகளில் இருக்கும் லயத்துச் சனங்களுக்குப் பயம். பகலில் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றி, மாலை வகுப்பில் பத்தாவது படிக்கும் தினகரனின் தலையில் அதற்கு எதிரான மனு எழுதும் வேலை விழுந்தது. ஒரு பெயரும் விடக் கூடாதென்று வேலையாட்களின் பெயர்ப்பதிவான செக்ரோல் வரிசைப்படியே எழுதி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்திலேயே கையெழுத்தும் வாங்கிவிட்டான். தேயிலை விலை விழுந்தபின் வேலை போய்ப் பேர் வெட்டுப்பட்டவர்கள் பிரட்டுக்கு வருவதில்லை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம், பேர் வெட்டுப்பட்டவர்களில் ஒருத்தியான அங்கம்மா தொழிற்சங்க அறைக்கே வந்துவிட்டாள்.

“ஏந்தம்பி, பேரு வெட்டுன சனத்துக்கு இருட்டே போதும்னு எழுதிட்டியா?”

“இல்லக்கா... ரோல்ல இருக்கவங்களத்தான்...”

“ரோல்ல இருக்கவுகளத்தான் ஆனை மிதிக்குமாக்கும்?”

சங்கச் செயலாளர் சுடலைமணி சிரித்துவிட்டு, உடனே முகம் மாறினார். “இப்பிடியே விட்ருவோம் அங்கம்மா. வீட்டு நம்பரோட பேரப் போட்டா, நீங்க இன்னும் லயத்துலதான் இருக்கீங்கன்னு மேனேஜர் தொரைக்குத் தெரிஞ்சிரும். மறுநாளே காலி பண்ணச் சொல்வாரு.”

தினகரனுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. செய்த தவறு நல்லதாகவே முடிந்துவிட்டதே! அப்படி நிம்மதிப்பட்டதற்காகவே அடுத்த நொடி கூசிப்போனான்.

எட்டாவது லயத்தில் கடைசி வீடு அங்கம்மாவுடையது. அதற்கு அப்பால் காடு. இருக்கிற ஒரு பல்பையும் அவள் வாசலில்தான் தொங்கவிட்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் சமைத்துவிடுவாள்.

“உள்ளுக்குள்ள இருட்டு எனக்குப் பழகிப்போச்சு,” என்றாள். “வாசல் இருட்டாச்சுன்னா ஆனை வந்திரும், செவுரு நிக்காது. செவுரில்லாத வீட்ட தொரை விட்டு வச்சா என்ன, புடுங்கினா என்ன? எம்பேர எழுது.”

தினகரன் எழுதினான். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

“மத்த வீட்டுக்காரங்க பேரையும் எழுதிரட்டுமாக்கா?”

“அவுகவுக வாயால சொல்லட்டும். அவுகளுக்காக நீயும் முடிவு பண்ணாத, நானும் பண்ண மாட்டேன்.”

சுடலைமணி எழுந்தார். மனுவை ஒரு நாள் முன்னதாகவே ஊட்டியில் கொடுக்க, மறுநாள் காலை பத்து மணிக்குப் புறப்பட வேண்டிய ஜீப்பைப் பதினொன்றுக்கு வரச் சொல்ல வெளியே போனார்.

இரவு, ‘சிறிய’ என்பதை அடித்த பிறகு, தினகரன் டைரியில் இன்னும் கொஞ்சம் எழுதினான்:

நாளை ஐந்தரைக்கு எட்டாவது லயம். பேர் வெட்டுப்பட்ட பதினோரு வீடுகள் பாக்கி. தொரைக்குத் தெரியவரும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகே கையெழுத்துக் கேட்க வேண்டும்.