எல்ம் மரத்துக்கு இரண்டாம் சட்டி

"மரத்துக்குச் சட்டை சின்னனாப் போனா என்ன செய்யும், மாமா?"

இஞ்சினியரின் மகள் அருந்ததி இப்படிக் கேட்டபோது பரமலிங்கம் சிரித்துவிட்டார். அவள் காட்டியது, தகப்பன் ஜப்பானில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்த, சட்டியிலேயே குறுக்கி வளர்க்கிற எல்ம் மரத்தை. ஒரு முழ உயரம்கூட இல்லை. வேர்கள் சட்டியை நிரப்பி விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தன.

"வேற சட்டை போட்டுவிடுவம், பிள்ளை. வருற சித்திரைக்கு வந்து பாருங்கோ."

இஞ்சினியர் குடும்பம் கொழும்புக்குப் போனது. அவர்களுடைய செட்டிகுளத்துப் பங்களாவுக்குக் காவலிருந்த பரமலிங்கம் சொன்ன சொல்லை மறக்கவில்லை. ஆடிச் சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தபோதே குளத்திலிருந்து கறுத்த மண் அள்ளிவந்து மரத்தை மாற்றி நட்டார். அவருடைய வயலில் நெல்லைத் தூக்கி நிறுத்துகிற மண் அது. அதைவிட நல்ல மண் எங்கே கிடைக்கும்?

பத்தாம் நாள் இலை பழுத்தது. இன்னும் தண்ணீர் விட்டார். இன்னும் பழுத்தது.

பக்கத்து வயல்காரர் ஜமால்தீன், தகரப் பேணிகளில் தேசிக் கன்று, அதாவது எலுமிச்சைக் கன்று, வளர்த்து விற்பவர். அவர் வந்து ஈர்க்கால் சட்டி மண்ணைக் குத்தி, முகர்ந்து பார்த்தார்.

"பரமலிங்கத்தார், இது சட்டியோ, சேத்து வயலோ? வேர் மூச்சுமுட்டி அழுகுது."

"அப்ப இப்பவே புடுங்கி மாத்துவம், ஜமால்தீன் நானா."

"சும்மா இருங்கோ! இந்தக் காத்திலை இன்னொருக்காப் புடுங்கினா செத்து மையத்துத்தான். மார்கழி மழை விடட்டும். மொட்டு கடுகளவு திரளேக்கை மாத்துவம்."

அதுவரை மரம் நிழலில் இருந்தது. மேல்மண் காய்ந்தபிறகே தண்ணீர் கிடைத்தது. பரமலிங்கம் காலையில் பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு நேரே மரத்திடம்தான் வருவார். ஒரு குழந்தையிடம் பொய்க்காரனாக நிற்க அவருக்கு விருப்பமில்லை.

தை பிறந்து நாலாம் நாள் மொட்டுத் திரண்டது. இருவரும் அழுகின வேரை வெட்டினார்கள். ஆற்றுக் குறுமணல், இடித்துத் தூசி அரித்த செங்கல், மக்கின இலை எல்லாம் கலந்து நட்டார்கள். குளத்து மண்ணும் ஒரு பிடி சேர்த்தார் ஜமால்தீன். "இல்லாட்டி நீங்கள் கோவிச்சுப்போடுவியள்."

வேர் பிடிக்க இரண்டு கிழமை மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்கவேண்டும். அதே இரண்டு கிழமைதான் பரமலிங்கத்துக்கு நெல் அரிவுவெட்டு.

"நீங்கள் வயலைப் பாருங்கோ. என்ரை நெல் பிந்தின விதைப்பு, விளைய இன்னும் ஒரு மாதம் கிடக்கு," என்றார் ஜமால்தீன்.

ஒரு வேளையும் தவறாமல் அவர் வந்து தெளித்தார். பதினாறாம் நாள் பச்சைத் துளிர் விட்டது. பரமலிங்கம் நன்றி சொல்ல வாயெடுக்க, "தேசிக் கன்று காயுது" என்று ஜமால்தீன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மரத்துக்குப் புதுச் சட்டை பிடித்துவிட்டது என்று பரமலிங்கம் அன்றே கொழும்புக்கு, அருந்ததிக்குக் கடிதம் போட்டார்.

மாசிக் கடைசி வெள்ளிக்கிழமை. ஜமால்தீன் அடித்துக் குவித்த நெல்லைக் களத்தில் விட்டுவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். வேலையாட்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். திடீரென்று வானம் கறுத்தது. தன் வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்த பரமலிங்கம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"பிள்ளையாரே, கொஞ்சம் பொறு."

வைக்கோலை அள்ளி அள்ளிக் குவியலை மூடினார். கடைசி அள்ளு வைக்கோலை மேலே போடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பரமலிங்கம் மற்றப் பக்கத்து வேலியால் புகுந்து, நனைந்தபடி வீட்டுக்கு நடந்தார்.