முன் கண்ணாடி

"லைட்டுல ஒண்ணும் இல்லக்கா" என்றார் மெக்கானிக், கையிலிருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே. "நானும் பல்பை மாத்தி மாத்திப் பாத்துட்டேன். முன் கண்ணாடிக்கும் பாலிஷ் போட்டாச்சு. கார் பழசுதான், இல்லேங்கல. எஞ்சின் ஆயில் குடிக்குது, கிளட்ச் போகப்போகுது. ஆனா வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்ல. நானே சாயங்காலம் ஓட்டிப் பாத்தேன்."

பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவள் வந்திருந்தாள். திறந்த கைப்பை திறந்தபடியே இருந்தது. அவர் பணத்தை வாங்கவில்லை. மாஸ்டரிடம் இதைச் சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றார்.

அவள் கணவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் வைத்த அந்த வெள்ளைக் காரில் உட்கார்ந்துதான் ஊரில் பாதிப் பேர் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், இந்த மெக்கானிக் உட்பட. கட்டிய மனைவிக்கு மட்டும் அவரால் கற்றுக்கொடுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை முயன்றார். கியர் மாற்றுவதில் ஆரம்பித்த சண்டை மாமியார் வரைக்கும் போய், அவள் நட்ட நடு ரோட்டில் இறங்கி விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். வீடு வரும்வரை அவர் பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு வந்தார்.

சில மாதங்களாகக் காரைத்தான் அவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு மங்கல், முன் கண்ணாடியில் ஓரமெல்லாம் கருத்துக் கிடக்கிறது, பக்கத்துக் கண்ணாடிகள் எதையும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? வருகிற சத்தத்தை வைத்தே எந்தத் திருகு கழன்றிருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர்.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றார் மெக்கானிக். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப கத்துக்க வர்ற நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. இடது பக்கமா ஒரு சைக்கிள் வந்திருக்கு. சார் பிரேக்கே போடலயாம். அந்தப் பொண்ணுதான் பயந்துபோய்ப் போட்டுச்சாம். அதுக்கப்புறந்தான் சாரு, இந்தப் பாழாப்போன கண்ணாடின்னு திட்டினாராம்."

அவளுக்குக் கணவருடைய அண்ணன் நினைவுக்கு வந்தார். அவரும் இப்படித்தான், வீட்டிலிருந்த பல்பெல்லாம் மட்டம் என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. போனது போனதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கடைசி வருடங்களில் அண்ணனுக்கு ஊட்டிவிட்டதும், கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனதும் இவர்தான். அதனாலேயோ என்னவோ, கண் டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

அன்று சாயங்காலம் அவர் புதுக் கார் மயக்கத்தில் இருந்தார். மாதத் தவணைக்கு வங்கி நம்புவது அவருடைய வருமானத்தை அல்ல, சலவை நிலையத்தில் அவள் வாங்கும் சம்பளத்தைத்தான். கையெழுத்தும் அவளுடையது. அவள் துணி மடித்துக்கொண்டிருக்க, அவர் எதிரே உட்கார்ந்து செலவுகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"கேபிள நிறுத்திடலாம், எவன் பாக்குறான்? வெளிய சாப்பிடறதும் வேணாம். உன் பல்லு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்ல?"

"என் பல்லு தாங்கும். தவணை முடிய அஞ்சு வருஷம் ஆகுமே."

"ஆகட்டுமே. அஞ்சு வருஷம் ஓட்ட மாட்டனா நான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிக்கவேண்டி இருந்தது. பிறகு, பேச்சோடு பேச்சாக, "அதுக்கு முன்னாடி கண்ண ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோமே" என்றாள்.

"கண்ணுக்கு என்ன? காருக்குத்தான் வயசாயிடுச்சு." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கதவு வைத்தவனையும் ஒரு வார்த்தை திட்டினார்.

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அந்தப் புதுக் காரின் பாதையில் என்றைக்காவது ஒரு சைக்கிள்காரர் வருவார். போடாவிட்டால் ஏன் என்று அவள் வாயாலேயே சொல்லவேண்டும். ஊருக்கெல்லாம் பார்த்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரிடம் உங்களுக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துக்கு முன்னால் எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் கார் விற்கும் கடைக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். விற்பனைக்காரப் பெண் அவரைப் பார்த்ததும், "மாஸ்டரா? எங்கக்கா உங்ககிட்டதான் சார் கத்துக்கிட்டா" என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இருக்கையை முன்னால் நகர்த்தி, நடுக் கண்ணாடியைச் சரிசெய்தார். அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அவர் நேராகப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் வலது ஓரத்துக்கும் இடது ஓரத்துக்கும் ஓட்டினார். திரும்ப ஒரு முறை. கூடம் முழுக்க வெள்ளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இதுலயும் ஓரமெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே நின்றிருந்த பெண்ணின் காதில் அது விழுந்துவிட்டது. "தூசியா சார்? இதோ" என்று துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

தான் சொல்லாமலே முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். அழுகைதான் வந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார், மிக மெதுவாக.

"நேத்துதான்."

அவர் தலையாட்டினார்.

"இப்பத் தெளிவா இருக்கா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கும்மா. நல்லா இருக்கு."

"இந்த மூலையையும் துடைச்சுடறேன் சார்." அவள் எக்கி நின்று கையை நீட்டினாள். மாஸ்டர் முதுகை நிமிர்த்தி, முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நிற்கிற காரில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.