ஜோதிலட்சுமியின் கறுப்பு யானை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். கம்பத்தில் என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டி வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அங்கே சண்டை நடந்தால் இங்கே எழுத்து ஓடாது. அதனால் சண்டையையே எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "திராட்சைக் கொடிகளில் வெயில் இறங்கிய வேளையில் ஜோதிலட்சுமி…" வேண்டாம். தோட்டம் அவர் கணவர் தங்கப்பாண்டியுடையது. ஜோதிலட்சுமி வங்கியில் வேலை பார்ப்பவர். கொடிப் பக்கமே போவதில்லை.

2

அவர் சேர்ப்பது இட்லி அகலத்துக்கு இருக்கும் கனத்த வெள்ளி நாணயங்கள். மூன்று வைத்திருந்தார். ஒன்று 'புரூஃப்': முகம் பார்க்கலாம், விரல் பட்டால் தடம் விழும். இன்னொன்று சாதாரண அச்சு. பளபளக்கும், முகம் தெரியாது. மூன்றாவது 'ஆன்டிக்': செய்யும்போதே கறுப்பேற்றி, மேடுகளை மட்டும் தேய்த்து வெளிறவிட்டது. அதிலிருந்த யானையின் தோல் சுருக்கம் அந்தக் கறுப்பில்தான் தெரியும்.

(உங்களுக்கு இதை விளக்கவே நாலு தாளைக் கிழித்தேன். தங்கப்பாண்டிக்கு விளக்க அவர் எத்தனை முறை… விடுங்கள்.)

3

தங்கப்பாண்டி கெட்டவர் இல்லை. என் தொல்லையே அதுதான். கெட்டவராக இருந்தால் கதை தானாக நகரும். மனைவியின் பிறந்தநாள் அன்று, அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, கறுத்த நாணயத்தைப் பல்பொடி போட்டுத் தேய்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"என்னத்தச் செஞ்சு வச்சிருக்கீக?"

"அழுக்கா இருந்துச்சு ஜோதி. இப்பப் பாரு, எப்டி மின்னுது!"

"அது அழுக்கு இல்ல. அந்தக் கறுப்புக்காகத்தான் வாங்குனேன்!"

"கறுப்பு வேணும்னா அங்கன இரும்புச்சட்டி கெடக்கே."

ஜோதிலட்சுமி நாணயத்தைக் கையில் எடுத்தார். யானை மொழுமொழுவென்று, உடம்பெல்லாம் கீறலோடு நின்றது.

4

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், யாரோ சொன்ன யோசனைப்படி, தங்கப்பாண்டி முட்டைகளை அவித்து நசுக்கி, நாணயத்தோடு டப்பாவில் போட்டு மூடினார். வெள்ளி கறுக்குமாம். கறுத்தது: ஓரம் மஞ்சள், நடுவில் நீலம், யானைக்கு ஒரு காது மட்டும் கறுப்பு. நாற்றம் என் வீடுவரை வந்தது.

மாலையில் ஜோதிலட்சுமி டப்பாவைத் திறந்தார்.

"நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

"என்னயக் கேட்டுட்டுச் செஞ்சீகளா? இந்த வீட்ல நான் வச்சது வச்ச மாதிரி ஒன்னாச்சும் இருக்கா?"



5

முதல் முடிவில் ஜோதிலட்சுமியைச் சிரிக்க வைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டால் எல்லாமே வேடிக்கையாகிவிடும். எனக்கே ஆத்திரம் வந்தது.

இரண்டாம் முடிவில் பண்ணைப்புரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறார். "ஒரு நாணயத்துக்காகவா?" என்பீர்கள். நாணயத்துக்காக இல்லை என்று நான் மறுபடி விளக்க வேண்டும். முடியாது.

நடந்தது இதுதான். மறுநாள் காலையில் ஜோதிலட்சுமி நிதானமாகத் தொடங்கினார்: "அந்தக் கறுப்ப ஏன் வாங்குனேன்னா…"

சுவரில் காதை வைத்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டில் சட்னிக்கு மிக்ஸி ஓடியது. கத்தினேன், நிற்கவில்லை. நின்றபோது தங்கப்பாண்டியின் குரல் மட்டும் கேட்டது, மிகத் தாழ்ந்து:

"இத ஏன் ஜோதி இத்தன வருசமாச் சொல்லல?"

நடுவே ஜோதிலட்சுமி சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் பொய்யாகிவிடும். எனக்குக் கேட்டதெல்லாம் தேங்காய்ச் சட்னி.